பத்து விரல்காரன்

நாலு மணிக்கு அந்தப் பெண் கிளம்பிவிடுவாள். இப்போது மூன்று பத்து. படிவம் டூல் பெட்டியின்மேல் கிடக்கிறது. ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க, நான் அடித்த தகடு ஒன்றையே எடுத்து அதன்மேல் வைத்திருக்கிறேன். ஆறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, ஏழாவது நான். ஏழு பேர் சேர்ந்தால்தான் பட்டறைக்கு மொத்தமாக இந்த இன்சூரன்ஸ் கிடைக்கும், ஆறு பேருக்குக் கிடையாது என்று மத்தியானமே எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டாள் பெனாசிர் என்கிற அந்த ஏஜெண்ட் பெண். வாட்ச்மேனுக்கு அறுபத்தாறு வயது, அவரைச் சேர்க்க மாட்டார்கள். ஆக, என் ஒருவனால்தான் நிற்கிறது. நிற்கட்டும். தகட்டை வைத்தேன், பெடலை மிதித்தேன், எடுத்தேன். டீ குடித்துவிட்டு வந்து புதுக் கம்பி ஆரம்பித்திருக்கிறேன். அடித்த தகடுகளை நடு ஓட்டை வழியாக ஒரு கம்பியில் கோத்து நிறுத்துவது எங்கள் பட்டறை வழக்கம், கம்பிக்கு நூற்றிருபது. எண்ண வேண்டியதில்லை, கம்பி நிறைந்தால் நூற்றிருபது. ஆனாலும் நான் எண்ணுவேன். எண்ணினால் மனசு இங்கேயே இருக்கும். மனசு இங்கே இருந்தால் விரலும் இங்கே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பாடம் அதுதான். ஏழு. எட்டு. வட்டத் தகடு, ஒரு சப்பாத்தி அகலம். மேலிருந்து பஞ்ச் இறங்கினால் ஓட்டையைச் சுற்றி இருபத்துநாலு பல் விழும். ஒரு நூறு தகட்டை அடுக்கி இறுக்கினால் அது பம்புசெட் மோட்டாரின் வயிறு. மோட்டாருக்குள்ளே சுற்றுகிற தகடு வேறு, அதை அடிப்பது அடுத்த தெருப் பட்டறை. சுற்றாமல் நின்றுகொண்டே மற்றதைச் சுற்றவைக்கிறதே, அந்தத் தகடு என்னுடையது. பொள்ளாச்சிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தென்னந்தோப்புக்குள் தண்ணீர் குழாயிலிருந்து கொட்டுவதைப் பார்த்தால் மனைவி கலாமணியிடம் சொல்லுவேன், அது நம்முடையதாக இருக்கும் என்று. எல்லாத் தண்ணியும் உங்களுதுதான் என்பாள். பதினொன்று. வைத்தேன், மிதித்தேன், எடுத்தேன்.

எடுத்தேன் என்றால் கையால் எடுத்தேன். மேக்னட் குச்சி என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், முனையில் காந்தம் வைத்தது, கையை உள்ளே விடாமல் தகட்டைக் கவ்வி எடுக்கலாம். மற்றவர்கள் அதைத்தான் பிடிக்கிறார்கள். எனக்குக் குச்சி பிடித்தால் தகட்டின் பிசிறு தெரியாது. பஞ்ச் மழுங்க ஆரம்பித்தால் பல்லின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குப் பிசிறு வரும். கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். முதலாளி சென்னியப்பன் வெளியாட்களிடம் என்னைக் காட்டி, மைக்ரோமீட்டர் வாங்கறதுக்கு முன்னாடியே இவரு இருந்தாரு என்பார். இப்படித் தகடு அடிக்கிற பிரஸ் பட்டறை இந்தச் சந்தில் பதினொன்று. எல்லாவற்றிலுமாக அறுபது, எழுபது ஆபரேட்டர் இருப்பார்கள். இருபது வருடம் தாண்டி, பத்து விரலோடு இருப்பவன் ஒருவன்தான். இருபத்தாறு வருடம். ஆயுத பூஜை அன்றைக்கு இந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினுக்கு முதல் சந்தனம் முதலாளி வைப்பதில்லை, பத்து விரல் ஆபரேட்டர்களில் மூத்தவன் வைக்க வேண்டும். பதினோரு பட்டறைக்கும் நான்தான் போவேன். வேட்டி, புதுச் சட்டை, கையில் சந்தனக் கிண்ணம். ஒவ்வொரு பட்டறையிலும் மிஷினின் பெரிய சக்கரத்தை, ஃப்ளைவீலை, நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட கலாமணியின் தாய்மாமன், சம்பளம் கேட்கவில்லை, வீடு சொந்தமா என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை பிரஸ்ஸுல வேலைன்னாங்க, கையக் காட்டுங்க என்றார். காட்டினேன். திருப்பச் சொன்னார். திருப்பினேன். வாய்க்குள் எண்ணினார். உள்ளே பார்த்து, காப்பி கொண்டாரச் சொல்லுங்க என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து அவளும் எண்ணியிருக்கிறாள், பிற்பாடு சொன்னாள். அப்படிப்பட்ட கையை ஒரு படிவத்தில் எழுதி, இது போனால் இவ்வளவு, அது போனால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் போடுவதா? கையெழுத்துப் போட்டால், போகலாம் என்று நானே சம்மதம் கொடுத்த மாதிரி இல்லையா? முப்பத்திரண்டா, முப்பத்துமூன்றா. முப்பத்துமூன்று.

பக்கத்து பிரஸ்ஸில் நடராசு. பட்டறையில் அவனுக்கு ஏழரை என்று பெயர். மீதி விரல் அத்தனைதான். அவனே வைத்துக்கொண்ட பெயர், சனி என்னைப் பிடிக்கல, நான்தான் சனியப் பிடிச்சுக்கிட்டேன் என்பான். மத்தியானத்திலிருந்து என்னைச் சீண்டிக்கொண்டே இருக்கிறான். இப்போதும் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்துகிறான். "ஏனுங்கண்ணா, அந்தக் காயிதத்தைப் பொரிச்சுத் தின்றதுக்கா வெச்சிருக்கறீங்க?" உனக்கென்னடா அவசரம் என்றேன். "எனக்கென்னங்க அவசரம், இன்னும் ஏழரை இருக்குது. பத்து வெச்சிருக்கறவருக்குத்தான் செலவு பண்ண நெறையா இருக்குது." சிரித்துக்கொண்டே சொன்னான், ஆனால் ஓரக்கண்ணால் படிவத்தைப் பார்த்தான். அவனுக்கு வேண்டும். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவனுடைய விரல்கள் போன நாள் எனக்கு நினைவிருக்கிறது, நினைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன். அவன் தப்புப் பண்ணவில்லை. அதுதான் விஷயம். மனசு எங்கேயும் போகவில்லை, பெடலை இரண்டாம் முறை மிதிக்கவில்லை. கிளட்சுக்குள் ஒரு சாவி உண்டு, சுண்டுவிரல் நீளம். அது தேய்ந்து நழுவினால், ஒருமுறை மிதித்ததற்கு பஞ்ச் இரண்டுமுறை இறங்கிவிடும். டபுள் என்போம். முதல் அடி விழுந்து, மேலே போய், தகட்டை எடுக்கக் கை உள்ளே போகும்போது யாரும் கூப்பிடாமல் இரண்டாவது அடி. அவன் கத்தக்கூட இல்லை. அண்ணா, மிஷினை ஆஃப் பண்ணுங்க என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னான். நான்தான் டெம்போவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், துண்டு சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் கையைப் பார்த்து என்ன நினைத்தேன்? அவன் குச்சி பிடித்திருந்தால் இது ஆகியிருக்காது என்று நினைத்தேன். நான் குச்சி பிடிப்பதில்லை. அப்படியானால் என் கை எப்படி இருக்கிறது? என் மிஷினின் சாவி நழுவவில்லை, அவ்வளவுதான். இதை இவ்வளவு நேராக நான் நினைத்ததில்லை. சாவியை மாற்றுவது மெக்கானிக். சாவியை வார்த்தவன் எவனோ, எந்த ஊரோ. அவன் அன்றைக்கு என்ன மனசோடு வேலை செய்தானோ. என் விரல் பத்தும் அவன் கையில் இருந்திருக்கிறது. இல்லை, அப்படியில்லை, எனக்குச் சத்தம் தெரியும், சாவி தேய்ந்தால் ஃப்ளைவீல் பேச்சு மாறும், நான் மூன்று தடவை முன்கூட்டியே சொல்லி மாற்ற வைத்திருக்கிறேன். மூன்று தடவை. நாலாவது தடவையும் பேச்சு மாறுமா, மாறாமலேயே நழுவுமா?

பெனாசிர் அப்படியெல்லாம் பயமுறுத்தவில்லை. சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கலாம், ஸ்கூட்டியில் வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பாதிப் பேச்சைப் பேசி முடித்துவிட்டாள். எனக்கு ஏற்கெனவே ஒரு பாலிசி இருக்குதும்மா என்றேன். "அது நீங்க செத்தா வர்றதுங்கண்ணா. இது செத்தா வராது. உசுரோட இருந்து, வேலைக்குப் போக முடியாமப் போனா வர்றது. தப்பா நெனைக்காதீங்க, செத்துட்டா வீட்டுல ஒரு ஆள் சோறு மிச்சம். படுத்துட்டா அந்தச் சோறும் வேணும், பக்கத்துல இருந்து ஊட்டறதுக்கு ஒரு ஆளும் வேணும், அந்த ஆளும் வேலைக்குப் போக முடியாது." எல்லோரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. நடராசு, ஏம்மா, இப்படிப் பேசியா பாலிசி புடிக்கறே என்றான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க அத்தா டெம்போ ஓட்டுனாருங்கண்ணா. சர்க்கரையில கண்ணு போயிருச்சு. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிக்கு இன்சூரன்ஸும் இருந்துச்சு." அதோடு நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். எனக்கு அது எங்கேயோ மாட்டிக்கொண்டது. இந்த பிரஸ்ஸுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. போன வருடம் மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்து மோட்டார் எரிந்தபோது ஆள் வந்து படம் எடுத்துப் போனார்கள். மிஷினை எல்லாப் பக்கமும் எடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், கொஞ்சம் தள்ளிக்கங்க, நிழல் விழுது என்றார்கள். தள்ளிக்கொண்டேன். அதை அன்றைக்கு நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் நினைவு வருகிறது. இந்த மிஷின் என்னைவிட மூத்தது, ஆனால் நின்றுபோனால் அதற்கு யாரோ கொடுப்பார்கள். நான் நின்றுபோனால் கலாமணி கொடுப்பாள். அவள் எதைக் கொடுப்பாள்? காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள், இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருங்க என்று. எதுக்கு, இருபத்தாறு வருசத்துல ஒரு கீறல் உண்டா என்றேன். "கீறல் இல்லாததாலதான் சொல்றேன். ஆறுச்சாமி அண்ணன் கையிலயும் ஒரு கீறல் இல்ல." காலையிலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாளே என்று கோபமாக வண்டியை எடுத்தேன். ஆறுச்சாமி பெயரை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை என்று ஒரு ஏற்பாடு. ஏற்பாடு என்னுடையது.

ஆறுச்சாமி சந்துக் கடைசிப் பட்டறையில் ஆபரேட்டர். என்னைவிட நாலு வருடம் மூத்தவன். பத்து விரல். ஆயுத பூஜைச் சந்தனம் எனக்கு முன்னால் அவன்தான் வைத்தான், ஏழு வருடம். எனக்குப் பொறாமை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அவன் ரிடையர் ஆகட்டும் என்று காத்திருந்தேன், விரல் போகட்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அதுவும் நிஜமா? ஒருநாள், இரண்டு நாள் நினைத்திருப்பேன். அவனுடைய கை என்னுடையதைவிட வேகம். டீக்கடையில் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால், கிளாஸ் பிடிக்கிற விதத்திலேயே மற்றவர்களுக்குத் தெரியும், பத்து விரலும் மடங்கிப் பிடிக்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவனுக்கு பிரஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். கையிலிருந்த குழாய் நழுவிக் கீழே விழுந்திருக்கிறது, எடுக்கக் குனிந்திருக்கிறான், எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். நாற்பத்தெட்டு வயது. நான் மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் மடியில். வலதுகை, அவனுடைய வேகமான கை, தூங்குகிற பூனை மாதிரி கிடந்தது. அவன் மனைவி காப்பி கொண்டுவந்து, அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக டம்ளரைச் சுற்றி மடக்கிவைத்தாள். அவள் கையை எடுத்தவுடன் விரல்கள் மெல்லத் திறந்துகொண்டன. அவள் டம்ளரை ஏற்கெனவே பிடித்துத் தயாராக இருந்தாள், சிந்தவில்லை. தினமும் செய்து பார்க்கிறாள் போல. அவன் என்னைப் பார்த்துக் குழறிக்குழறிச் சொன்னான், "பத்தும் இருக்குதடா வெள்ளிங்கிரி." சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கம்தான் வந்தது. நான் சிரித்தேனா? சிரித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வருடம் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. யாரும் அவனைப் போய்க் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. வழக்கத்தில் விரல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது, மடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவனைக் கட்டிலோடு தூக்கி வந்தாவது வைக்கச் சொல்லியிருக்கலாம். நான் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். அவன் மனைவி இப்போது மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனிக்குப் போகிறாள். பெண் நர்சிங் படிப்பை இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறது. அது ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய வேலையை வீட்டில் பார்க்கிறது, அவ்வளவுதான் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. என் மகள் பிளஸ் டூ. கணக்குப் போடுவாள், நின்றுகொண்டே போடுவாள். கால் ஒரு இடத்தில் நிற்காது. அவளை ஒரு கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கிறேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு. என் விரல்கள் திறக்கும்வரை காத்துக்கொண்டு. அவள் பொறுமைசாலி இல்லை. ஆனால் கற்றுக்கொண்டுவிடுவாள். அதுதான் பயமாக இருக்கிறது, கற்றுக்கொண்டுவிடுவாள். ஆறுச்சாமி பெண்ணும் அப்படித்தான் துறுதுறுவென்று இருந்தது, இந்தச் சந்துக்குள் சைக்கிளில் பெல் அடிக்காமல் வரும், நாங்கள்தான் ஒதுங்க வேண்டும். அன்றைக்கு அது அறைக்குள் வந்தபோது நடையே வேறாக இருந்தது. சத்தமில்லாத நடை. பதினெட்டு வயதில் அந்த நடை.

கம்பி நிறைந்துவிட்டது. நிமிர்ந்தேன். நிறைந்தது முதல் கம்பி இல்லை. முதல் கம்பி நிறைந்து, கழற்றி, இடதுபக்கம் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது. இது இரண்டாவது கம்பி. யார் கழற்றியது? யார் சாத்தியது? கடிகாரம் மூன்று நாற்பது. நான் எண்ணிய கடைசி எண் என்ன? முப்பத்துமூன்று. அதற்குப் பிறகு ஒரு எண்கூட என்னிடம் இல்லை. இருநூற்று நாற்பது தகடு. அதில் முப்பத்துமூன்றுக்கு நான் இருந்தேன். மீதி இருநூற்றேழுமுறை என் கை பஞ்சுக்கு அடியில் போய், தகட்டை வைத்து, வெளியே வந்து, மறுபடி போய், எடுத்து வந்திருக்கிறது, நான் கூட இல்லாமல். நான் ஆறுச்சாமி வீட்டில் இருந்தேன். அவன் கட்டில் பக்கத்தில் இருந்தேன். என் கை இங்கே தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. கடைசியாக வைத்த தகடு பஞ்சுக்கு அடியில், டையில் இருக்கிறது. எடுக்கவில்லை. கையை நீட்டினேன், நீட்டியதைப் பார்த்தேன், பாதியில் நின்றது. இருபத்தாறு வருடத்தில் இந்த இடத்தில் அது நின்றதில்லை. இது இன்றைக்குத்தான் நடந்ததா? அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. மகளுக்கு டெங்கு வந்த அந்த வாரம்? வீட்டுக்கு வெள்ளையடித்த மாதம்? அம்மா செத்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்தேனே, அன்றைக்கு முழுக்க நான் எங்கே இருந்தேன்? எண்ணினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், பாடமாகச் சொல்லியிருக்கிறேன். முப்பத்துமூன்று வரை எண்ணியிருப்பேன். கட்டைவிரலால் தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், சாத்திய கம்பியில், வரிசையாக. ஒரு பிசிறு இல்லை. ஒன்று கோணல் இல்லை. இருநூற்று நாற்பதும் சுத்தம். நான் இல்லாதபோதும் அது தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறது. கையைப் பற்றி எனக்கிருந்த பெருமை அந்த நிமிடத்தில் கூடியது, குறையவில்லை. என்னைப் பற்றியதுதான் குறைந்தது. இத்தனை நாளும் இந்தக் கையை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். அது என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதற்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? சந்தனம் வைத்திருக்கிறேன், மிஷினுக்கு.

சுவிட்சை ஆஃப் செய்தேன். ஃப்ளைவீல் உடனே நிற்காது, மனசு வராமல் சுற்றி நிற்கும். நடராசு திரும்பிப் பார்த்து அவனுடைய மிஷினையும் நிறுத்தினான். "என்னங்கண்ணா, டபுளா?" என்றான், முகம் வெளுத்து. இல்லடா, ஒண்ணுமில்ல, உன் கண்ணாடியக் குடு என்றேன். சின்ன எழுத்து எனக்கு இரண்டு வருடமாகத் தெரிவதில்லை. கண்ணாடி வீட்டில்தான் போடுவேன், பட்டறைக்குக் கொண்டுவருவதில்லை. மத்தியானம் படிச்சாச்சா அண்ணா என்று பெனாசிர் கேட்டபோது படிச்சாச்சு என்று சொல்லிவிட்டேன். நடராசு கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தான். படிவத்தை எடுத்துக்கொண்டு, முதலாளியும் பெனாசிரும் உட்கார்ந்திருந்த ஆபீஸ் ரூமுக்குப் போய், ஜன்னல் வெளிச்சத்தில் நின்று முதல் தடவையாகப் படித்தேன். எல்லாம் டைப் செய்து வைத்திருந்தார்கள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பெயர் வெள்ளிங்கிரி. சரி. வயது நாற்பத்தெட்டு. சரி. செய்யும் தொழில்: உதவியாளர்.

இன்னொரு முறை படித்தேன். உதவியாளர். யாருக்கு?

மேசைமேல் மற்ற ஆறு படிவமும் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். ஆறும் உதவியாளர். "யாருங்க இதைய எழுதுனது?" என்றேன். சத்தம் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. பெனாசிர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே நின்றாள். முதலாளிதான் பதில் சொன்னார், கெட்ட மனுஷர் இல்லை, அவரும் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர். "ஏப்பா வெள்ளிங்கிரி, நான்தான் போடச் சொன்னேன். ஹெல்பர்னு போட்டா பிரீமியம் பாதிதான் வருது. எல்லாத்துக்கும் கம்மியாகுமேன்னுதான். பேருல என்ன இருக்குது?" எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றும் சொன்னார். அது நிஜமாகத்தான் இருக்கும். பெனாசிர் படிவத்தை வாங்கிப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. "சார், நீங்க அனுப்புன லிஸ்ட்ட அப்படியே டைப் பண்ணிட்டேன். தப்பு என்னுதுதான், நான் பாத்திருக்கோணும். ஹெல்பர்னு போட்டு பிரஸ்ல கை போச்சுன்னா, ஹெல்பருக்கு பிரஸ்ல என்ன வேலைன்னு கேப்பாங்க சார். கேட்டுட்டு ஃபைல மூடிருவாங்க. அவ்வளவு வருசம் கட்டுனதும் வீண்." முதலாளி கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, கூட வருமேப்பா என்றார், பாதி சரண்டர் ஆகிவிட்ட குரலில்.

"வரட்டுமுங்க. கூட வர்றதுல பாதி உங்களுது, பாதி எங்களுது. நான் இருபத்தாறு வருசம் எவனுக்கும் ஹெல்பரா இருந்ததில்லீங்க. நடராசு விரலு போனது ஹெல்பர் வேலை பாத்தா போச்சு?"

நடராசு கதவருகில் வந்து நின்றிருந்தான், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். மிஷின்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. அவன் தன் படிவத்தை வாங்கி, என் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கேட்காமல் உருவிப் போட்டுக்கொண்டு படித்தான். "ஏம்மா பெனாசிரு, எனக்கு உடல் குறை எதும் இல்லைன்னு போட்டிருக்குது. எண்ணிப் பாக்கலையாட்ட இருக்குது?" சிரிப்பு கிளம்பியது, அவளும் சிரித்துவிட்டாள். "அதையும் எழுதிருங்கண்ணா. போனதுக்கு வராது, இருக்கறதுக்கு வரும். ஆனா மறைச்சீங்கன்னா இருக்கறதுக்கும் வராது." "அரை விரலை எப்பிடிம்மா எழுதறது, புள்ளி வெச்சா?" "ரெண்டரைன்னு எழுதுங்க." எழுதினான். இரண்டு விரலும் கட்டைவிரலின் மிச்சமும் பேனாவைச் சுற்றி வளைந்து பிடித்தன. எழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

ஒவ்வொருவராக அடித்து எழுதி, அடித்த இடத்தில் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்கள். அப்படித்தான் போட வேண்டுமாம். நாலு மணி தாண்டிவிட்டது. பெனாசிர் அடுத்த பட்டறைக்குப் போன் போட்டு, வர்றேங்கண்ணா, இங்க கொஞ்சம் நேராயிருச்சு என்றாள். கடைசியில் என் முறை. பேனாவை வாங்கினேன். உதவியாளர் என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தேன், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வந்தது. மேலே எழுதினேன்: பவர் பிரஸ் ஆபரேட்டர், இருபத்தாறு வருடம். கட்டம் போதவில்லை, வருடம் வெளியே போய்விட்டது. வருசமெல்லாம் கேக்கலீங்கண்ணா என்றாள். இருக்கட்டும்மா என்றேன். அடுத்த வரி, உடல் குறை ஏதும் உண்டா. இல்லை என்று டைப் செய்திருந்தது. அதையும் ஒரு கோடு இழுத்து அடித்தேன்.

"ஐயோ, அதைய எதுக்குங்கண்ணா அடிச்சீங்க? அது சரிதானே?"

"சரிதாம்மா," என்றேன். மேலே, என் கையால் எழுதினேன்: இல்லை.

பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.